நீங்க முன்னால போங்க: புதூர் பஸ் விவகாரம்

மண்டலப் போக்குவரத்துத் திட்டக் குழுமத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்திருக்கும். நம் வாசலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்கள். பலகையில் போக்குவரத்து என்று எழுதியிருப்பதால் நம்பி உள்ளே வந்துவிடுகிறார்கள். அவர்களைக் கோபிக்காதீர்கள். என் காலத்தில் ஒருவர் மொபெட்டோடு உள்ளே நுழைந்தார். நான் ஜன்னலோரம் நின்றிருந்ததைப் பார்த்தார். வளாகத்து வேப்பமரங்கள் இரண்டையும் சுற்றி அழகாக எட்டுப் போட்டுவிட்டு, "போதுங்களா சார், இன்னொருக்காப் போடட்டுங்களா?" என்று கேட்டார். குறை சொல்ல முடியாத எட்டு. போக்குவரத்து என்ற பெயரில் நம் வளாகத்துக்குள் என் கண்ணெதிரே தொடங்கி, என் கண்ணெதிரே முடிந்த ஒரே வேலை அதுதான்.

மற்றதெல்லாம் அடுத்தவர் கையில் இருப்பவை. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊருக்குள் இருக்கும் சாலை மாநகராட்சியுடையது. எல்லைக் கல்லைத் தாண்டினால் ஊராட்சி. சிக்னல் போலீஸுக்கு. பஸ் போக்குவரத்துக் கழகத்துக்கு, அதிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கோட்டம். ரயில்வே கேட்டைப் பற்றி நாம் கடிதம் எழுதலாம், கனவும் காணலாம். இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். நமக்கென்று இருப்பது ஒரு நீள மேஜை, சுற்றிலும் நாற்காலிகள், எதிர் பேக்கரியிலிருந்து டீயும் தேங்காய் பன்னும். இந்தச் சொத்துகளை வைத்துக்கொண்டு மேற்படி எல்லோரையும் ஒன்றாக உட்கார வைப்பதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயர்.

இதைக் கேட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். அந்த மேஜையும் பன்னும் எதற்கு என்று காட்டத்தான் புதூர் விவகாரத்தை எழுதுகிறேன். பயணத் தேவைக் கணக்கீடு, வரைபடம், மாதிரியுரு எல்லாம் உங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவற்றில் நான் கைவைக்கவில்லை. கல்லூரியில் சொல்லாமல் விட்ட பகுதியிலிருந்து தொடங்குகிறேன்.

புதூர், அவிநாசிக்கும் கோவைக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கும் ஊர். காலையில் அங்கிருந்து கோவைக்கு இரண்டு பஸ்கள். ஒன்று கிழக்குக் கோட்டத்துப் பஸ், அவிநாசிப் பக்கத்திலிருந்து வருவது. இன்னொன்று மேற்குக் கோட்டத்துப் பஸ், பக்கத்து ஊரில் இரவு தங்கிவிட்டு வருவது. இரண்டும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி வரும். முதல் பஸ்ஸில் ஜன்னல் கம்பி வரைக்கும் ஆள். பின்னால் வரும் பஸ்ஸில் கண்டக்டர் காலை நீட்டிக்கொண்டு தினத்தாள் படிப்பார். அப்புறம் வெகுநேரத்துக்கு எந்தப் பஸ்ஸும் கிடையாது.

ஒரு பஸ் தன் நேரத்தில் வரட்டும், இன்னொன்று அரை மணி கழித்து வரட்டும். இவ்வளவுதான் நம் பரிந்துரை. ஆலோசனை நிறுவனம் ஒன்று இதையே பல வண்ண அம்புக்குறிகளோடு ஒரு தடித்த அறிக்கையாகக் கொடுத்திருந்தது. நான் அதைச் சுருக்கி, எந்தக் கோட்டத்துக்கு எந்தச் சட்டப் பிரிவின்படி முன்னுரிமை, மறுத்தால் யாரிடம் மேல்முறையீடு, அங்கேயும் மறுத்தால் அடுத்த படி என்ன என்பதையெல்லாம் கோப்பில் வரிசையாக அடுக்கி வைத்தேன். இரண்டு கோட்ட மேலாளர்களும் பழைய எதிரிகள். ஒருவர் டிப்போவில் மழை பெய்தால் இன்னொருவர் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுவார். ஆகவே சண்டைக்கு முழுத் தயாரிப்போடு கூட்டத்தைக் கூட்டினேன்.

சண்டை வரவில்லை.

மேற்கு மேலாளர், நல்ல உயரம், நரைத்த மீசை, நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்தார். "அண்ணன் பஸ்ஸே ஓடட்டுமுங்க. எங்க பஸ்ஸ நாங்க தள்ளி வெச்சுக்கறோம்" என்றார்.

கிழக்கு மேலாளர், குள்ளம், எப்போதும் சட்டைப் பையில் நான்கு பேனா, பதறி எழுந்தே விட்டார். "அதெப்படிங்க? அவிங்க பஸ்ஸுதானுங்க மொதல்ல போகோணும். நாங்க வேணும்னா அந்த நேரத்தையே உட்டுக் குடுத்தர்றோமுங்க."

"ஐயோ, நீங்க எதுக்குங்க உட்டுக் குடுக்கறீங்க? நாங்க உட்டுக் குடுக்கறோமுங்க."

"நம்மளுக்குள்ள என்னங்க இருக்குது!"

தேங்காய் பன்னைக்கூட ஒருவர் தட்டை ஒருவர் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கடைசிவரை இருவரும் சாப்பிடவில்லை. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நடவடிக்கைக் குறிப்பில், இரு தரப்பும் பெருந்தன்மையுடன் விட்டுக்கொடுக்க இசைந்தன என்று எழுதி, எல்லோருக்கும் நகல் அனுப்பினோம். இசைந்தவர்களில் யார் பஸ்ஸை ஓட்டுவது என்பதை எழுதவில்லை. அது தானாக விளங்கும் என்று எண்ணினோம். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கோவையில் நடக்கும் கூட்டத்தில் எதுவும் தானாக விளங்காது. இங்கே ஒரு மனிதருக்கு மறுப்பதென்றால் மூச்சு முட்டும். விட்டுக்கொடுக்கச் சொன்னால் உயிரைக் கொடுத்துப் போட்டி போடுவார்.

அடுத்த திங்கட்கிழமை புதூருக்கு ஒரு பஸ்கூட வரவில்லை. கிழக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. மேற்கும் விட்டுக்கொடுத்துவிட்டது.

அன்று மதியம் என் அறைக்குள் ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். நீலச் சீருடை, கையில் டிபன் பை. தலையில் ஒரு வெள்ளை இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, பஸ்ஸ நிறுத்தற ஆபீசு இதுதானுங்களா?"

நாங்கள் நிறுத்துகிறவர்கள் அல்ல, ஒருங்கிணைக்கிறவர்கள் என்றேன்.

"நீங்க ஒருங்கிணைச்சதுல நான் இன்னைக்குக் கறிக்கோழி டெம்போவுல வேலைக்கு வந்தேனுங்க. பின்னால கூண்டு, முன்னால டிரைவரு, நடுவுல நானு. ஒரு சேவலு வழி முச்சூடும் என்ற காதுலயே கூவிட்டு வந்துச்சு."

அவர் பெயர் கலாமணி. பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் வேலை. அந்தப் பிரிவுக்கு லைன் இன்சார்ஜ் பதவி காலியாகியிருந்தது. முதலாளி அந்த மாதம் முழுக்க கலாமணியைச் சோதனை முறையில் அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று. மாதத்துக்குள் மூன்று தரம் தாமதமாக வந்தால் பதவி அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆள் முதலாளியின் மச்சினர் பிரபு. அவருக்குக் காயில் சுற்றத் தெரியாது. ஆனால் பைக் இருந்தது.

"இன்னைக்கு ஒண்ணு விழுந்துருச்சுங்க. அந்தப் பிரபு கேட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'என்னக்கா, முட்டை போட்டுட்டு வாறீங்களா?'ங்கறான். நான் என்ன பதில் சொல்றதுங்க? தலையில றெக்கையோட நின்னுட்டு?"

இறகு இன்னும் இருக்கிறது என்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அது நம் அலுவலக வரம்புக்குள் வருமா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

உடனே மேற்கு மேலாளருக்குப் போன் போட்டேன். "நாங்க ஓட்டுனா அண்ணன் மனசு சங்கடப்படுமுங்களே" என்றார். கிழக்கு மேலாளருக்குப் போட்டேன். "அவிங்கள முந்திக்கிட்டு நாங்க ஓட்டுனா நல்லாருக்குமுங்களா?" என்றார். இருவருக்கும் அவசரக் கடிதம் அனுப்பினேன். பஸ்ஸை உடனே இயக்குமாறு இரண்டு பேருக்கும் ஒரே வாசகம், ஒரே காகிதம். நடைமுறைப்படி அதுதான் சரி. இரண்டு பக்கத்தாரும் கடிதத்துக்குக் கட்டுப்பட்டார்கள். அங்கேதான் விவகாரம் முற்றியது.

மறுநாள் காலை இரண்டு பஸ்களும் புதூருக்கு வந்தன. இரண்டும் நின்றன. ஆட்கள் ஏறினார்கள். இரண்டும் கிளம்பவில்லை.

இரண்டு டிரைவர்களுக்கும் அவரவர் மேலாளரிடமிருந்து ஒரே உத்தரவு. அந்தப் பக்கத்துப் பஸ் முன்னால் போகட்டும், நீ முந்தாதே. என்ஜின்கள் உறுமிக்கொண்டிருந்தன. கிழக்கு டிரைவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, "போங்ணா" என்றார். மேற்கு டிரைவர் இரண்டு கைகளையும் கூப்பி, "நீங்க போங்ணா" என்றார். கண்டக்டர்கள் இறங்கி நடுவில் நின்று ஒருவரை ஒருவர் வழியனுப்பிக் கொண்டிருந்தார்கள். கலாமணி முதலில் முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறினார். அது நகராது என்று தெரிந்ததும் இறங்கிப் பின்னால் நின்றதில் ஏறினார். அது முன்னால் நிற்பதைத் தாண்டாது என்று தெரிந்ததும் மறுபடி முன்னால் வந்தார். ஊரே அவரைப் பார்த்து அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அந்த வழியாக வந்த சிமெண்டு லாரி, செங்கல் டிராக்டர், பள்ளிக்கூட வேன் எல்லாம் பின்னால் தேங்கின. கடைசியில் ஒரு போக்குவரத்துக் காவலர் வந்து இரண்டு பஸ்ஸையும் திட்டினார். "அவிங்களத் திட்டாதீங்க, எங்களத் திட்டுங்க" என்று இரண்டு பேரும் சொன்னதாகக் கேள்வி. அவர் வெறுத்துப்போய் பஸ்களை விட்டுவிட்டு நமக்குக் கடிதம் எழுதினார். நெடுஞ்சாலைத் துறையும் எழுதியது. ஊராட்சியும் எழுதியது. அந்த மட்டில் ஒருங்கிணைப்பு நன்றாகவே நடந்தது.

கலாமணிக்கு இரண்டாவது தாமதக் குறி விழுந்தது. மூன்றாவது விழுந்தால் பிரபு இன்சார்ஜ்.

இந்தத் தடவை கலாமணி நேரில் வரவில்லை. போனில்தான் பேசினார். "சார், இனிமே பஸ்ஸே வேண்டாமுங்க. நீங்க மட்டும் சும்மா இருங்க, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். அந்தச் சேவலோடயே நான் போயிக்கறேன்." டெம்போக்காரர் அவருக்காக விடியுமுன்பே வண்டியை எடுக்க ஒப்புக்கொண்டிருந்தாராம். ஆனால் அடுத்த வாரம் அவருடைய பண்ணையில் கோழி பிடித்து முடிந்துவிடும். புதுக் குஞ்சு இறக்கி வளர்கிற வரைக்கும் டெம்போ ஓடாது. ஆக ஒரு வாரத்துக்குள் பஸ்ஸை நாங்கள் சரி செய்தாக வேண்டும். இல்லையென்றால் கலாமணிக்குக் கோழியும் இல்லை, பதவியும் இல்லை.

அந்தச் சமயம் நம் இயக்குநர் ஓர் இளம்பெண். மதுரைப் பக்கம். நியமனமாகி வந்த புதிது. எங்கள் ஊர்ப் பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒட்டியிருக்கும் மரியாதையைக் கேட்டு, இவர்கள் யாரையோ கேலி செய்கிறார்கள் என்று முதல் மாதம் முழுக்க நினைத்திருந்தவர். நான் மறுபடி ஒரு கூட்டம் போடலாம் என்றேன். கூடவே இருபக்கமும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பலாம் என்றேன். அவர், "கூட்டம் போடுங்க, விளக்கத்த நான் கேட்டுக்கிறேன்" என்றார்.

கூட்டம் கூடியது. முன்பு போலவே பன் தட்டு இங்கும் அங்கும் போய் வந்தது. மேற்கு மேலாளர், "தப்பு எங்க மேலதானுங்க" என்று தொடங்கினார். "இல்லவே இல்லீங்க, தப்பு பூராவும் எங்களுது" என்றார் கிழக்கு மேலாளர். இயக்குநர் கொஞ்ச நேரம் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் சார், ரெண்டு பேரும் இந்த வழி வழியிறீகளே, பொண்ணு கிண்ணு குடுக்கப் போறீகளா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். மேற்கு மேலாளரின் மீசைக்குக் கீழே முகம் சிவந்தது. கிழக்கு மேலாளர் நான்கு பேனாவையும் எடுத்து மறுபடி பையில் குத்தினார்.

"மேடத்துக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்றார் மேற்கு.

விஷயம் வெளியே வந்தது. மேற்கு மேலாளரின் மகள், கிழக்கு மேலாளரின் மகன், இருவரும் ஒரே கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்த்தாகிவிட்டது. உறுதி வார்த்தை சொல்வது மட்டும்தான் பாக்கி. அதுவரை யாருக்கும் சொல்லக் கூடாது என்று இரண்டு வீட்டிலும் கட்டளை.

"இந்த நேரத்துல பஸ்ஸு விசயத்துல மொகம் கோணுச்சுன்னா ஒறம்பரையே கோணிப்போயிருமுங்க, கல்யாணமே நின்னுருமுங்க" என்றார் மேற்கு. "நாங்க பொண்ணு ஊட்டுக்காரங்க. மாப்பிள்ளை ஊட்டு பஸ்ஸ முந்திப் போனா, 'இப்பவே இவ்வளவு'ன்னு சொல்ல மாட்டாங்களா?"

"நாங்க மாப்பிள்ளை ஊடுங்கறதுக்காக முன்னால போனா, 'இவிங்க அதிகாரத்தப் பாரு'ன்னு பொண்ணு ஊட்டுல நெனைக்க மாட்டாங்களா?" என்றார் கிழக்கு.

உண்மையாகவே இரண்டு பேர் கண்ணிலும் பயம் இருந்தது. அங்கே பஸ்ஸுக்காக நின்ற ஜனங்கள் மட்டும் அல்ல, ஒரு கல்யாணமும் ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. நம் கோப்பில் அதற்கு ஏது பிரிவு? முன்னுரிமைக்குப் பிரிவு இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு இருக்கிறது. சம்பந்தி மரியாதைக்கு அரசாணை எதுவும் என் நினைவில் இல்லை. நினைவில் இல்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இயக்குநர் அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார். "சார், ஒங்க ஊருக் கல்யாணத்துல ரெண்டு வீட்டாளுகளும் இப்படி நீங்க நீங்கன்னு நின்னா யாரு முடிச்சு வைப்பா?"

"அருமைக்காரர்" என்றேன். கொங்குக் கல்யாணத்தில் சடங்குகளை நடத்தித் தருகிற பெரியவர். பெண் வீட்டுக்கும் பொது, மாப்பிள்ளை வீட்டுக்கும் பொது. அவர் எழுந்திரு என்றால் எழுந்திருப்பார்கள், உட்கார் என்றால் உட்காருவார்கள். அவர் சொல்லிச் செய்தால் யார் முந்தினார், யார் பிந்தினார் என்று எவரும் முகம் சுளிக்க முடியாது. பந்தலும் அவருடையது அல்ல, சாப்பாடும் அவருடையது அல்ல.

"அப்ப அவருக்குன்னு ஒண்ணும் கெடையாது. எல்லாரையும் உக்கார வச்சு எந்திரிக்க வைக்கிறது மட்டுந்தான்."

"ஆமாம்."

"நம்ம ஆபீசேதான் சார் அது" என்றார்.

நான் பல ஆண்டு பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். மண்டல அமைப்பு எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. இரண்டு பேர் தங்களுக்குள் செய்துகொள்ள முடியாத ஒன்றை, மூன்றாவது ஆள் சொன்னான் என்று சாக்குச் சொல்லிச் செய்வதற்கு ஓர் இடம் வேண்டும். பழியை வாங்கிக்கொள்ளும் இடம். அதற்கு நாம் கண்ணியமான பெயர்கள் பல வைத்திருக்கிறோம்.

ஆனால் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. நாமே உத்தரவு போட்டாலும் ஏதோ ஒரு கோட்டத்துப் பஸ்தானே முதலில் போக வேண்டும்? கிழக்கை முதலில் போடுவதா, மேற்கையா? இயக்குநர் சுண்டிப் பார்க்க ஒரு நாணயம் கேட்டார். அரசு அலுவலகத்தில் அது முடியாது என்று சொல்லிவிட்டு, நான் யோசித்தேன். நடைமுறைகளைக் கரைத்துக் குடித்ததில் என் வாழ்நாளில் கிடைத்த ஒரே சந்தோஷம் அந்தச் சமயத்தில் வந்தது.

மாற்றுப்பணி. ஒரு கோட்டத்து ஊழியரை இன்னொரு கோட்டத்துக்குத் தற்காலிகமாக அனுப்ப விதியில் இடம் உண்டு. முதல் பஸ் மேற்குக் கோட்டத்து வண்டி, அதில் கிழக்குக் கோட்டத்து டிரைவர், கண்டக்டர். அரை மணி கழித்து வரும் பஸ் கிழக்குக் கோட்டத்து வண்டி, அதில் மேற்கு ஆட்கள். முதலில் போவது யார் என்று எவராலும் சொல்ல முடியாது. வண்டியைப் பார்த்தால் பெண் வீடு. ஓட்டுகிறவரைப் பார்த்தால் மாப்பிள்ளை வீடு.

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். "எழுதுங்க சார், கையெழுத்துப் போடுறேன். ரெண்டு பேரையும் நல்லா அதட்டி எழுதுங்க."

அதட்டி எழுதினேன். மேலாளர்கள் இருவரும் உத்தரவைப் படித்துவிட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்கள். "மேலிடத்து உத்தரவு, நாம என்னங்க பண்றது" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொன்னார்கள். வெளியே போகும்போது ஆளுக்கு இரண்டு பன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

புது ஏற்பாடு தொடங்கிய காலையில் இயக்குநரும் நானும் புதூர் நிறுத்தத்தில் போய் நின்றோம். கோழி டெம்போ முந்தின நாளோடு நின்றுவிட்டது. கலாமணி முதல் ஆளாக வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"நீங்களும் வந்துட்டீங்களா? அப்ப இன்னைக்கும் போச்சுங்க" என்றார்.

பஸ் நேரத்துக்கு வந்தது. ஜன்னல் கம்பி வரைக்கும் ஆள் ஏறினார்கள். கலாமணிக்கு முன் சீட்டு கிடைத்தது. டிரைவர் கியரைப் போடப் போன சமயத்தில், பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஜீப் வந்து குறுக்கே நின்றது. மேற்கு மேலாளர் இறங்கினார். கையில் சாமந்தி மாலை. அடுத்து இன்னொரு ஜீப். கிழக்கு மேலாளர் இறங்கினார். கையில் எலுமிச்சம்பழமும் ஒரு தேங்காயும். முந்தின நாள்தான் உறுதி வார்த்தை முடிந்ததாம். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, முகமெல்லாம் பூரிப்பு. புது ஏற்பாட்டுக்குப் பூசை போட்டு அனுப்ப வேண்டும் என்று இருவருக்கும் தனித்தனியே தோன்றியிருக்கிறது.

மாலையைப் போட்டார்கள். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். அதுவரை சரியாகப் போனது.

"நீங்களே ஒடைங்க சம்பந்தி" என்று கிழக்கு மேலாளர் தேங்காயை நீட்டினார்.

"ஐயோ, நீங்க இருக்கும்போது நானுங்களா? நீங்க ஒடைங்க சம்பந்தி."

"வண்டி உங்களுதுங்க."

"ஓட்டறது உங்க ஆளுங்க."

தேங்காய் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது, திரும்பி வந்தது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். என் உத்தரவில் வண்டி யார், ஓட்டுநர் யார், கிளம்பும் நேரம் எது, எல்லாம் இருந்தது. தேங்காய் யார் என்று எழுதவில்லை. இயக்குநர் என் முழங்கையைப் பிடித்து, "சார், ஏதாவது பண்ணுங்க" என்றார். நான் தொண்டையைச் செருமி, பொது இடத்தில் சடங்குகள் நடத்துவது தொடர்பான சுற்றறிக்கையின்படி என்று ஆரம்பித்தேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் திரும்பிப் பஸ்ஸைப் பார்த்தேன். முன் சீட்டு காலியாக இருந்தது.

கலாமணி இறங்கி வந்துகொண்டிருந்தார். டிபன் பையைக் கண்டக்டர் கையில் திணித்துவிட்டார்.

"ஏனுங்க அண்ணா, அந்தத் தேங்காயக் கொஞ்சம் காட்டுங்க."

நல்ல காய்தானா என்று பார்க்கக் கேட்கிறார் என்று நினைத்துக் கிழக்கு மேலாளர் கொடுத்தார். கலாமணி அதை வாங்கி ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. நேராகப் போய்ச் சாலையோரத்து மைல்கல்லின் தலையில் ஓங்கிப் போட்டார். நெடுஞ்சாலைத் துறையின் சொத்து அது. முன் அனுமதி பெறவில்லை. தேங்காய்த் தண்ணீர் இயக்குநரின் புடவையிலும் என் கோப்பிலும் சரிபாதியாகத் தெறித்தது.

சம்பந்திகள் இருவரும் ஒரே சமயத்தில் குனிந்து பார்த்தார்கள். காய் நடுவில் கோடு போட்டது போல இரண்டு சமபாதி. உள்ளே பால் வெள்ளை.

"நல்ல சகுனமுங்க" என்றார் மேற்கு.

"கண்ணு, நீ நல்லாருப்பே" என்றார் கிழக்கு.

"நல்லாருக்கறது அப்பறமுங்க. முதல்ல ஜீப்ப எடுங்க" என்றார் கலாமணி.

ஜீப்பை எடுத்தார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. பஸ் கிளம்பிப் போனது. அரை மணி கழித்து இரண்டாவது பஸ், அதற்குரிய நேரத்தில், பாதிக்கு மேல் ஆட்களோடு வந்து போனது. நாங்கள் இருவரும், மேலே தெறித்த தேங்காய்த் தண்ணீர் காயும் வரை அங்கேயே நின்றிருந்தோம். அந்த அரை மணியில் இயக்குநர் என்னிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான். "சார், அந்த டெம்போ நம்பர் இருக்கா?" பஸ் பாதி வழியில் யாருக்காவது மரியாதை செய்யக் காத்து நின்றால் கலாமணியை ஏற்றி அனுப்ப என்று புரிந்தது. அந்த டெம்போ இனிச் சில வாரங்களுக்கு ஓடாது என்பதை நான் நினைவூட்டவில்லை.

மதியம் போன் வந்தது. பின்னணியில் மோட்டார்கள் ஓடும் இரைச்சல்.

"சார், கேட்டு மூடறதுக்குள்ள கால வெச்சுப்போட்டேனுங்க. அந்தப் பிரபு கேட்டுக்காரங்கிட்ட, சீக்கிரம் மூடு மூடுங்கறான். பாதி கேட்டு என்ற முதுகுல இடிச்சுது. இடிச்சா இடிக்கட்டும்."

மாதம் முடிந்தது. மூன்றாவது குறி விழவில்லை. கலாமணி லைன் இன்சார்ஜ் ஆனார். கல்யாணமும் ஆனது. இயக்குநரும் நானும் பீளமேட்டு மண்டபத்துக்குப் போயிருந்தோம். இரண்டு வீட்டாரும் எங்களை முதல் பந்தியில் உட்காரச் சொல்லி நெடுநேரம் உபசரித்தார்கள். அந்த உபசாரம் முடிவதற்குள் முதல் பந்தி எழுந்துவிட்டது.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு மனு வந்தது. புதூருக்கு அடுத்த நிறுத்தத்திலிருந்து வேலைக்குப் போகும் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டாவது பஸ்ஸில் போனால் கம்பெனிக்குத் தினமும் தாமதமாகிறது. முதல் பஸ்ஸுக்கு எழுந்திருக்க முடியவில்லை. ஆகவே இரண்டாவது பஸ்ஸை முன்னால் தள்ளி, முதல் பஸ்ஸுக்கு ஒட்டினாற்போல் இயக்கித் தருமாறு பணிவுடன் வேண்டிக்கொண்டிருந்தார். அப்படித் தள்ளினால் இரண்டாவது பஸ்ஸுக்கும் அதே நேரத்தில்தான் எழுந்திருக்க வேண்டும் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கீழே பிரபு என்று கையெழுத்து. விசாரித்ததில், பதவி கிடைக்கவில்லை என்றதும் அவருடைய அக்கா, அதாவது முதலாளியின் மனைவி, பைக்கைத் திரும்ப வாங்கித் தன் மகனுக்குக் கொடுத்துவிட்டாராம்.

மனு வந்தால் கூட்டம் போட வேண்டும். நடைமுறை. இரண்டு சம்பந்திகளும் வந்தார்கள். மேற்கு மேலாளர் மேஜையின் இந்தக் கோடியில் உட்கார்ந்தார். கிழக்கு மேலாளர் அந்தக் கோடியில். பன் தட்டை அவரவர் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். இயக்குநர் மனுவைப் படித்தார்.

"முடியாதுங்க" என்றார் மேற்கு.

"முடியவே முடியாதுங்க" என்றார் கிழக்கு.

என் பணிக்காலம் முழுவதிலும் கொங்கு நாட்டு அதிகாரிகள் நேருக்கு நேர் மறுத்து நான் கேட்டது அன்றுதான். இயக்குநர் ஆச்சரியத்தில் காரணம் கேட்டார்.

"தீபாவளிச் சீரு வாங்கிப்போட்டு ஒரு வார்த்தை சொல்லலீங்க. அவிங்க பஸ்ஸு எங்க பஸ்ஸுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு வர்றத நான் பாக்கோணுமாங்க?" என்றார் மேற்கு.

"சீருன்னு என்னத்தக் குடுத்தாங்கன்னு கேளுங்க மேடம். அவிங்க வண்டிப் பொகைய எங்க வண்டி எதுக்குங்க குடிக்கோணும்?"

டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்தது. அரை மணி இடைவெளி அப்படியே நிலைத்தது. இன்றும் நிலைத்திருக்கிறது. பிரபு அந்த இரண்டாவது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். தாமதக் குறி போடுவது கலாமணி.